சீலிங்கைக் கொத்திப் பூசிய பிறகும் பக்கத்திலேயே கம்பி துருப்பிடிப்பது ஏன்?

கேள்வி சுருக்கமாக இது: திருவான்மியூர் பக்கம், கடலில் இருந்து முக்கால் கிலோமீட்டரில் 1994இல் கட்டிய மாடி வீடு. மாடி பாத்ரூமுக்கு நேர் கீழே சீலிங்கில் சிமென்ட் பெயர்ந்து கம்பி தெரிந்தது. கொத்தனார் தளர்ந்ததையெல்லாம் கொத்தி, கம்பியில் ரெட் ஆக்சைடு அடித்து, பூசிக் கொடுத்தார். இரண்டு வருடத்தில், பூசிய இடம் அப்படியே இருக்க, அதைச் சுற்றி ஒரு அடி தள்ளிப் புதிதாக வெடித்து உதிர்கிறது. கொத்தனார் ஏமாற்றிவிட்டாரா, அந்தக் காலத்துக் கம்பி மட்டமா, இப்போது என்ன செய்வது?

பூசிய இடத்தைச் சுற்றியே அடுத்த துரு கிளம்பும் என்பது எதிர்பார்க்க வேண்டியதுதான். கொத்தனார் கொஞ்சம் குறைவாகக் கொத்தியிருக்கிறார், ரெட் ஆக்சைடு அடித்திருக்கக் கூடாது. ஆனால் அவர் பூசியது நன்றாகப் பிடித்ததால்தான் பக்கத்தில் துரு வேகம் எடுத்தது. கேட்க முரணாக இருக்கும். காரணம் கம்பிக்குள் ஓடும் மின்னோட்டத்தில் இருக்கிறது.

காற்றும் தண்ணீரும் பட்டால் இரும்பு ஆக்சைடு ஆகிறது என்று பள்ளியில் ஒரே வரியில் படித்திருப்போம். தப்பில்லை, ஆனால் உங்கள் சீலிங்குக்கு அந்த ஒரு வரி போதாது. துருப்பிடித்தல் இரண்டு இடங்களில் ஒரே சமயத்தில் நடக்கும் இரண்டு பாதி வினைகள். ஓரிடத்தில் இரும்பு அணு இரண்டு எலக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனியாகக் கரைகிறது, இது ஆனோடு. அந்த எலக்ட்ரான்கள் கம்பி வழியே ஓடி இன்னோர் இடத்துக்குப் போகின்றன. அங்கே ஆக்சிஜனும் தண்ணீரும் அவற்றை வாங்கிக்கொண்டு ஹைட்ராக்சைடு அயனி ஆகின்றன; இது கேத்தோடு. சுற்று மூடுவதற்கு, கான்கிரீட்டின் நுண்துளைகளில் உள்ள ஈரத்தின் வழியே அயனிகள் நகர்கின்றன. ஆனோடு, கேத்தோடு, இரண்டையும் இணைக்கும் உலோகம், அயனி நகர ஈரம் என்ற நான்கில் ஒன்று அறுந்தாலும் துரு நின்றுவிடும். இரும்பு கரைவது ஆனோடில் மட்டும்தான். கேத்தோடு பகுதி சேதமில்லாமல் இருக்கும். ஒரே கம்பியில் ஒரு சாண் பாதியாக அரித்தும், அடுத்த சாண் கடையில் வாங்கியது போலவும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு இதுதான் விளக்கம்.

ஆனோடில் கரைந்த இரும்பு அயனி முதலில் ஹைட்ராக்சைடாகி, பிறகு மேலும் ஆக்சிஜன் ஏறி நாம் பார்க்கும் செம்பழுப்புத் துருவாகிறது. கரைந்த இரும்பைவிட அதற்குக் கிடைக்கும் துரு இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். எவ்வளவு ஆக்சிஜனும் தண்ணீரும் சேர்ந்தன என்பதைப் பொறுத்துக் கூடும், குறையும். கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. அதன் இழுவை வலு அமுக்க வலுவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். அதனால் கம்பியில் பத்தில் ஒரு மில்லிமீட்டர்கூடக் கரைவதற்கு முன்பே மேல் கான்கிரீட் வெடித்துவிடும். இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு: கம்பியின் நீளவாக்கில் மெல்லிய வெடிப்பு தெரியும்போதே கவனித்தால், கம்பியின் வலு பெரும்பாலும் போயிருக்காது.

சரி, ஈரமும் ஆக்சிஜனும் முதல் நாளில் இருந்தே இருந்தன. முப்பது வருடம் எப்படித் தாங்கியது? சிமென்ட் இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீற்றிய சுண்ணாம்பு, நிறைய உண்டாகிறது. அதோடு சிமென்டில் உள்ள சோடியம், பொட்டாசியம் காரங்களும் சேர்ந்து, துளைகளில் உள்ள தண்ணீரின் பிஹெச் 12.5க்கு மேல், சில சமயம் 13ஐத் தாண்டி நிற்கும். இவ்வளவு காரத்தில் இரும்பின் மேல் சில நானோமீட்டர் தடிமனில், கண்ணுக்கே தெரியாத ஆக்சைடு படலம் ஒன்று உருவாகிறது. துரு போலப் பொரபொரவென்று இல்லாமல், நெருக்கமாக ஒட்டிக்கொண்டு, இரும்பு கரைவதைக் கிட்டத்தட்ட நிறுத்திவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் சேர்த்து வாங்கும் பாதுகாப்பை, சாதாரணக் கம்பிக்குக் கான்கிரீட்டின் காரம் தருகிறது. அந்தப் படலம் இருக்கும்வரை கம்பி நூறு வருடம் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. அதைக் கெடுக்க இரண்டு வழிதான் உண்டு. உங்கள் வீட்டில் எது நடந்தது என்று தெரியாமல் எந்த வைத்தியமும் பார்க்கக் கூடாது.

முதல் வழி கார்பனேட் ஆவது. காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடு துளைகள் வழியே உள்ளே போய்ச் சுண்ணாம்போடு சேர்ந்து கால்சியம் கார்பனேட் ஆகிறது. பிஹெச் 9க்குக் கீழே இறங்கும், படலம் கரையும். இது வெளியில் இருந்து உள்ளே மெதுவாக நகரும் ஒரு எல்லைக்கோடு. நகரும் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப இருக்கும். ஓர் இடத்தில் முதல் 4 வருடத்தில் 6 மி.மீ. போயிருந்தால், 16 வருடத்தில் 12 மி.மீ., 36 வருடத்தில் 18 மி.மீ. போகும். இதே கணக்கில் கம்பிக்கு மேல் 20 மி.மீ. கவர் (கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் தடிமன்) இருந்தால் எல்லைக்கோடு கம்பியைத் தொட 44 வருடம் ஆகும். கம்பியைத் தூக்கி நிறுத்தும் சின்னக் கட்டையான கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லித் துண்டைச் சொருகி, ஆள் நடந்து அது நழுவி, கவர் 8 மி.மீ. ஆகிவிட்டால் வெறும் 7 வருடம். 12 மி.மீ. வித்தியாசத்துக்கு 37 வருடம் போகிறது. ஒரு கவர் பிளாக்கின் விலையை நினைத்துப் பார்த்தால் வயிறு எரியும்.

கார்பனேட் ஆவது மிதமான ஈரத்தில், காற்றின் ஈரப்பதம் 50 முதல் 70 சதவீதம் இருக்கும்போதுதான் வேகமாக நடக்கும். நனைந்து ஊறிய கான்கிரீட்டுக்குள் வாயு நுழையாது. முற்றிலும் காய்ந்தால் வினை நடக்காது. ஆனால் துருவுக்கோ நல்ல ஈரம் வேண்டும். ஆகவே நனைந்து நனைந்து காயும் இடங்களில்தான் இரண்டும் மாறி மாறி நடக்கும். சன்ஷேடு, பால்கனி அடிப்பக்கம், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழ், பாத்ரூமுக்குக் கீழ் என்று எல்லா வீட்டிலும் அதே இடங்கள் உதிர்வது இதனால்தான்.

இரண்டாவது வழி குளோரைடு, அதாவது உப்பு. இது பிஹெச்சைக் குறைக்கக் காத்திருக்காது. காரம் முழுதாக இருக்கும்போதே படலத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை போடும். அந்த ஓட்டை சின்ன ஆனோடு, சுற்றியுள்ள நீளக் கம்பி முழுவதும் பெரிய கேத்தோடு. பெரிய கேத்தோடு இழுக்கும் மின்னோட்டம் முழுவதையும் சின்ன ஆனோடு கொடுக்க வேண்டியிருப்பதால் அங்கே இரும்பு குழியாக அரிக்கும். குழிக்குள் இரும்பும் குளோரைடும் சேர்ந்த உப்பு தண்ணீரோடு வினைபுரிந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை உண்டாக்குகிறது. இரும்பு ஹைட்ராக்சைடாகப் படிந்துவிட, குளோரைடு மறுபடி விடுதலையாகி அடுத்த இரும்பைத் தேடிப் போகிறது. அது செலவாவதே இல்லை. கடன் கொடுத்தவன் அசலை அப்படியே வைத்துக்கொண்டு வட்டி வாங்குவது போல, ஒரு முறை உள்ளே போன உப்பு கம்பியைத் தின்றுகொண்டே இருக்கும். சுற்றிலும் பிஹெச் 12 இருந்தாலும் குழிக்குள் 5க்கும் கீழே இறங்கிவிடும்.

இந்த உப்பு எங்கிருந்து வந்தது? கடல் காற்று ஒரு வழி. கடலோர வீடுகளில் இதைவிட அதிகம் கவனிக்க வேண்டியது கட்டியபோது கலந்த தண்ணீர். கடல் நீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 19 கிராம் குளோரைடு இருக்கும். கடலோர போர் தண்ணீரில் அதில் ஒரு பங்கு. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 456. கான்கிரீட்டில் மொத்தமாக, ஒரு கன மீட்டருக்கு 0.6 கிலோவுக்கு மேல் கூடாது என்பதும் அதில்தான் இருக்கிறது. ஒரு கன மீட்டருக்கு 180 லிட்டர் தண்ணீர் என்று வையுங்கள். லிட்டருக்கு 3,000 மில்லிகிராம் குளோரைடு உள்ள உவர் போர் தண்ணீரானால் தண்ணீரில் இருந்து மட்டும் 0.54 கிலோ வந்துவிடும். மணலில் கொஞ்சம் உப்பு இருந்தால் எல்லையைத் தாண்டியாயிற்று, கடல் காற்று படுவதற்கு முன்பே. நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும் தண்ணீரில் கான்கிரீட் போடக் கூடாது; கியூரிங்கும் செய்யக் கூடாது.

உப்பு வரும் மூன்றாவது இடமாக, உங்கள் வீட்டில் நான் முதலில் சந்தேகப்படுவது பாத்ரூம் ஆசிட். டைல்ஸ் கறை போக ஊற்றும் ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான். டைல்ஸ் இடுக்கில் இருக்கும் ஒயிட் சிமென்டை அது வருடக்கணக்கில் கரைத்துவிட்டு, அதே வழியாகக் கீழே இறங்கும். ஒரே வேளையில் சுண்ணாம்பையும் தின்று குளோரைடையும் விட்டுவிட்டுப் போகும். இரண்டு வழிகளையும் ஒரே பாட்டிலில் வாங்கி ஊற்றுகிறோம். பிளீச்சிங் பவுடரும் குளோரைடு தரும், கொஞ்சம் மெதுவாக.

இனி, பூசிய இடத்தைச் சுற்றி ஏன் உதிர்ந்தது என்பதற்கு வருவோம். முதல் முறை உதிர்ந்தபோது அந்த இடம் ஆனோடாக இருந்தது. அது கரைந்து எலக்ட்ரான் கொடுத்துக்கொண்டிருந்ததால், சுற்றியுள்ள கம்பி கேத்தோடாக இருந்து தப்பித்தது. அங்கேயும் உப்பு எல்லையைத் தாண்டியிருந்தும் அரிக்கவில்லை. கொத்தனார் அந்த ஆனோடைச் சுத்தம் செய்து, உப்பில்லாத, காரம் நிறைந்த புதுச் சாந்து வைத்தார். அதற்குள் இருக்கும் கம்பிக்குப் படலம் திரும்பக் கிடைத்தது. ஆனோடாக இருந்தது இப்போது நல்ல கேத்தோடு. கேத்தோடு உண்டானால் எங்காவது ஆனோடு வேண்டும். அடுத்து எங்கே படலம் பலவீனம்? பூச்சு முடியும் விளிம்புக்கு அப்பால், பழைய உப்புக் கான்கிரீட்டில் கிடக்கும் அதே கம்பியில். முன்பு காப்பாற்றப்பட்ட பகுதி இப்போது பலியாகிறது. பூச்சைச் சுற்றி வளையம் போல வெடிப்பதைப் பார்த்தாலே உப்புதான் காரணம் என்று ஓரளவு சொல்லிவிடலாம். வெறும் கார்பனேட்டால் வந்த துருவில் இந்த வளையம் இவ்வளவு கூர்மையாக வராது.

ரெட் ஆக்சைடு பற்றி ஒரு வார்த்தை. ஜன்னல் கிரில்லுக்கு அது நல்ல பிரைமர். ஆனால் எண்ணெய், ஆல்கிட் ரெசின் அடிப்படையில் செய்தது. கான்கிரீட்டின் காரம் பட்டால் சோப்பு மாதிரி நீர்த்துக் கழன்றுவிடும். கம்பிக்கும் சாந்துக்கும் பிடிமானமும் போகும். கம்பியில் பெயின்ட், எண்ணெய், மண், உதிரும் துரு எதுவும் இருக்கக் கூடாது என்று ஐஎஸ் 456 சொல்வது இதற்காகவும்தான். புதுக் கம்பி மேல் லேசாகப் படியும், கையில் தேய்த்தால் தூளாகாத துருவினால் ஒன்றும் கெடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சைட்டில் அதைப் பார்த்துப் பதறுகிறவர்கள் நிறைய.

அந்தக் காலத்துக் கம்பி மட்டமா? 1994இல் உங்களுக்குப் போட்டது பெரும்பாலும் குளிர்நிலையில் முறுக்கிய கம்பியாக இருக்கும். முறுக்கியதால் உள்ளே தங்கிய தகைவு (ஸ்ட்ரெஸ்) அரிமானத்தைக் கொஞ்சம் தூண்டும். இப்போது வரும் டிஎம்டி கம்பியை உருட்டி முடித்ததும் தண்ணீரில் திடீரென்று குளிரவைக்கிறார்கள். வெளி வளையம் கடினமாகவும் உள் கரு மென்மையாகவும் அமைகிறது. எஃப்இ 500டி வகையில் கார்பன் 0.25 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது; கந்தகமும் பாஸ்பரஸும் கட்டுப்பாட்டில் இருக்கும். குரோமியம், தாமிரம் கொஞ்சம் சேர்த்து 'துரு எதிர்ப்பு' என்று விற்பதும் உண்டு. இவையெல்லாம் துருவைத் தாமதப்படுத்தும், அவ்வளவே. ஒரு சதவீதத்துக்கும் குறைவான குரோமியத்தை வைத்து ஸ்டெயின்லெஸ் மாதிரிப் படலம் வராது. உப்புத் தண்ணீரில் கலந்த, 8 மி.மீ. கவர் உள்ள கான்கிரீட்டில் எந்த பிராண்ட் கம்பியைப் போட்டாலும் துருப்பிடிக்கும்.

இப்போது வேலைக்கு வருவோம். சோதனை செய்யாமல் கொத்த ஆரம்பிக்காதீர்கள்.

முதலில் சின்னச் சுத்தியலால் சீலிங் முழுவதையும் தட்டுங்கள். நல்ல இடம் கணீரென்று கேட்கும். உள்ளே பிரிந்த இடம் பொத்தென்று கேட்கும். பொத்தென்ற இடத்தையெல்லாம் சாக்பீஸால் கோடு போட்டு வையுங்கள். கண்ணுக்குத் தெரியும் பரப்பைவிட இது வழக்கமாகப் பெரிதாகவே இருக்கும்.

அடுத்தது ஃபீனால்ப்தலீன். 1 கிராம் பொடியை 70 மில்லி ஆல்கஹாலில் கரைத்து, தண்ணீர் விட்டு 100 மில்லியாக்கி, ஸ்பிரே பாட்டிலில் ஊற்றிக்கொள்ளுங்கள். அப்போதுதான் உடைத்த முகத்தில் அடிக்க வேண்டும். அடர் ஊதாச் சிவப்பு வந்தால் காரம் இருக்கிறது; நிறம் மாறாத பட்டை கார்பனேட் ஆனது. அந்தப் பட்டையின் ஆழத்தை அளந்து, கம்பிக்கு மேலுள்ள கவரோடு ஒப்பிடுங்கள். இரண்டு இடத்தில் ஏமாறுவார்கள். பல நாளாகத் திறந்து கிடக்கும் பழைய உடைப்பில் அடித்தால் அந்த முகமே கார்பனேட் ஆகியிருக்கும். எல்லாம் கெட்டுவிட்டது போலத் தெரியும். டிரில் போட்ட ஓட்டையில் தூளை ஊதாமல் அடித்தால் உள்ளிருந்து வந்த தூள் சிவந்து, எல்லாம் நன்றாக இருப்பது போலக் காட்டும்.

கம்பி வரை சிவப்பாக இருந்தும் கம்பி அரித்திருந்தால் குற்றவாளி குளோரைடு. அப்படிப்பட்ட இடத்தை உடைத்தவுடன் கம்பியைக் கிட்டத்தில் பாருங்கள். ஆக்சிஜன் குறைவாக உள்ள குழிகளில் கருப்பும் கரும்பச்சையுமாக ஈரக் கசடு ஒட்டியிருக்கும். காற்றுப் பட்டதும் சில நிமிடங்களில் அது கண் முன்னே பழுப்பாக மாறும். துடைத்தால் அடியில் வட்ட வட்டமாகக் குழிகள் தெரியும். கார்பனேட் துருவில் இப்படி இருக்காது. கம்பியின் சுற்று முழுவதும் ஏறக்குறைய சீராக, அடுக்கடுக்காக உரியும். குழித் துருவில் பயம் என்னவென்றால், கசடு விரிவடையாமலே கிடப்பதால் மேலே வெடிப்பே தெரியாமல் கம்பி அறுந்துபோகலாம்.

உறுதி செய்ய, டிரில் தூளை 10 மி.மீ., 20 மி.மீ., 30 மி.மீ., 40 மி.மீ. ஆழங்களில் தனித்தனிப் பையில் எடுத்து, சிவில் பரிசோதனை லேபில் அமிலத்தில் கரையும் குளோரைடு எவ்வளவு என்று கேளுங்கள். சிமென்ட் எடையில் 0.4 சதவீதத்தைத் தாண்டினால் ஆபத்து என்பது பரவலாக எடுத்துக்கொள்ளும் அளவு. எண்களை வரிசையாகப் பாருங்கள். மேலே அதிகமாக இருந்து உள்ளே போகப் போகக் குறைந்தால் உப்பு வெளியில் இருந்து வந்தது. எல்லா ஆழத்திலும் ஒரே அளவு என்றால் கட்டியபோதே தண்ணீரிலோ மணலிலோ வந்தது. அப்படியானால் பிரச்சினை ஒரு அறையோடு முடியாது. பாத்ரூம் தளத்துக்கு மேல்பக்கம் இருந்தும் ஒரு தூள் மாதிரி எடுப்பது நல்லது.

பெரிய பரப்பாக இருந்தால் அரைக்கல மின்னழுத்தச் சோதனையும் செய்யலாம். தாமிரம்–தாமிர சல்பேட் மின்முனையை ஈரப்படுத்திய கான்கிரீட்டில் வைத்து, வோல்ட்மீட்டரின் இன்னொரு முனையைக் கம்பியில் இணைத்து, கட்டம் கட்டமாக அளப்பார்கள். −350 மில்லிவோல்ட்டுக்கும் கீழே போனால் அங்கே அரிமானம் நடக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. −200ஐவிட மேலே இருந்தால் நடக்காமல் இருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. நடுவில் உள்ளது நிச்சயமில்லை என்கிறது இந்தச் சோதனைக்கான அமெரிக்கத் தரநிலை ஏஎஸ்டிஎம் சி 876. பூச்சு, பெயின்ட் மேல் வைத்து எடுத்த அளவுகளுக்கு மதிப்பில்லை.

கொத்துவதற்கு முன் முட்டுக் கொடுக்க வேண்டும். ஸ்லாப்பின் அடிக் கம்பிதான் சுமை தாங்குகிறது. கம்பியைச் சுற்றிக் கொத்திவிட்டால் கான்கிரீட்டோடு பிடிமானம் போய்விடும். மீட்டருக்கு ஒரு முட்டு வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்துங்கள்; அறை முழுவதையும் ஒரே நாளில் திறக்காதீர்கள். சன்ஷேடு, பால்கனி போலத் தொங்கும் பகுதியில் முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்கும். அடியில் உதிர்வதைவிட, சுவரை ஒட்டி மேல்பக்கத்தில் வரும் குறுக்கு வெடிப்பு பல மடங்கு ஆபத்து. அதைப் பார்த்தால், அல்லது பில்லரிலும் பீமிலும் வெடிப்பு இருந்தால், கொத்தனாரோடு நிறுத்தாமல் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

கொத்தும் எல்லை, பொத்தென்று கேட்ட இடத்தோடு முடியக் கூடாது. கம்பியில் துரு முடிந்து சுத்தமான உலோகம் தெரிந்த பிறகும் 5 செ.மீ. போக வேண்டும், குளோரைடு அளவு அதிகமாக உள்ள கான்கிரீட்டை, கம்பி நன்றாக இருந்தாலும், முடிந்தவரை எடுக்க வேண்டும். ஓரத்தைக் கட்டரால் 10 மி.மீ. ஆழம் நேராக வெட்டிக்கொண்டு உள்பக்கம் கொத்துங்கள். விளிம்பு மெலிந்து முடிந்தால் அங்கிருந்தே பெயரும். கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் அளவு, 20 முதல் 25 மி.மீ., இடைவெளி வேண்டும். முகப்பை மட்டும் தேய்த்து, முதுகில் துருவோடு விட்டுப் பூசுவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தவறு. பின்பக்கம் பழைய உப்புக் கான்கிரீட், முன்பக்கம் புதுச் சாந்து. ஒரே கம்பியில் ஆனோடும் கேத்தோடும் முதுகோடு முதுகாக உட்கார்ந்துகொள்ளும்.

சுத்தம் செய்ய கையில் பிடிக்கும் கம்பி பிரஷ் போதாது. மேலே பளபளப்பாகும், குழிக்குள் உப்புத் துரு அப்படியே இருக்கும். மணல் வீச்சு சிறந்தது. முடியாவிட்டால் கிரைண்டரில் பொருத்தும் கப் பிரஷ், பிறகு நல்ல தண்ணீரைப் பிரஷர் பம்ப்பில் அடித்துக் கழுவுதல், காய்ந்ததும் மறுபடி பிரஷ். ஆசிட் ஊற்றித் துருவைக் கரைக்கவே கூடாது. எதை விரட்டுகிறோமோ அதையே ஊற்றுவதாகும். டானிக் அமிலம், பாஸ்பாரிக் அமிலம் வைத்த ரஸ்ட் கன்வர்ட்டர்கள் கேட் கிரில்லுக்குச் சரி, கான்கிரீட்டுக்குள் நான் பரிந்துரைப்பதில்லை.

சுத்தமானதும் வெர்னியரால் விட்டத்தை அளங்கள். 8 மி.மீ. கம்பி 7 மி.மீ. ஆகியிருந்தால் 'ஒரு மில்லிதானே' என்று விடுவார்கள். குறுக்குவெட்டுப் பரப்பில் 23 சதவீதம் போயிருக்கிறது. 10 மி.மீ. 9 ஆனால் 19 சதவீதம். இந்த அளவு போனால் பக்கத்தில் அதே விட்டத்தில் புதுக் கம்பி சேர்க்க வேண்டும். சேர்க்கும் கம்பி, கெட்ட இடத்தைத் தாண்டி நல்ல கம்பியோடு இரண்டு பக்கமும் 8 மி.மீ. கம்பிக்கு அரை மீட்டராவது ஒட்டி ஓட வேண்டும். ஒரு சாண் துண்டைக் கட்டுக்கம்பியால் கட்டிவிட்டுப் போனால் அது வெறும் அலங்காரம்.

கம்பிக்குப் பூச்சு அன்றைக்கே அடிக்க வேண்டும். கடலோரத்தில் ஒரு இரவு விட்டால் காலையில் மஞ்சள் துரு படிந்திருக்கும். துத்தநாகம் நிறைந்த எபாக்சி பிரைமர், அல்லது சிமென்ட்–பாலிமர் பூச்சு இரண்டு கை. கம்பிக்கான சிமென்ட்–பாலிமர் பூச்சு முறையைக் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கியிருக்கிறது; காரம் கெடாமல் இருப்பதால் ரிப்பேருக்கு எனக்கு அதுவே பிடித்தது.

உப்பு உறுதியானால், பூச்சு விளிம்பை ஒட்டி உள்பக்கமாகத் துத்தநாக ஆனோடு கட்டிகளைக் கம்பியில் கட்டுவதுதான் வளையத் துருவுக்கு நேரான மருந்து. துத்தநாகம் இரும்பைவிட எளிதில் எலக்ட்ரான் கொடுக்கும். விளிம்புக்கு அப்பால் இரும்பு ஆனோடாக வேண்டிய இடத்தில் இது ஆனோடாகித் தான் கரைந்து கம்பியைக் காப்பாற்றும். கட்டியைச் சுற்றியுள்ள சாந்து அதிகக் காரமானது. துத்தநாகம் வேலை செய்துகொண்டே இருக்க அது வேண்டும், அதனால் அதன் மேல் எபாக்சி பூசிவிடாதீர்கள். எத்தனை செ.மீ.க்கு ஒன்று என்பது கம்பி நெருக்கத்தைப் பொறுத்தது. தயாரிப்பாளர் அட்டவணையைப் பாருங்கள். கட்டிய பின் மல்டிமீட்டரால் கட்டிக்கும் கம்பிக்கும் இடையே மின்தடையை அளங்கள். 1 ஓமுக்குக் கீழ் இருக்க வேண்டும். துருப்பிடித்த கம்பியில் சும்மா சுற்றினால் தொடர்பே இருக்காது, காசும் போகும்.

பழைய கான்கிரீட் முகத்தைத் தண்ணீரில் ஊறவைத்து, மேலே நிற்கும் தண்ணீரைத் துடைத்துவிட்டு, எஸ்பிஆர் லேட்டக்ஸும் (செயற்கை ரப்பர் பால்) சிமென்டும் கலந்த கூழை பிரஷ்ஷால் தேய்த்து அடியுங்கள். அது கையில் ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே சாந்து ஏற வேண்டும். காலையில் கூழ் அடித்துவிட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு பூசினால், காய்ந்த ரப்பர் படலம் ஒட்டுவதற்குப் பதில் பிரிக்கும். காய்ந்துவிட்டால் சுரண்டிவிட்டு மறுபடி அடிக்க வேண்டும்.

சாந்துக்கு 10 கிலோ சிமென்ட், 30 கிலோ கழுவிச் சலித்த மணல், 2 லிட்டர் எஸ்பிஆர், சுமார் இரண்டரை லிட்டர் தண்ணீர். மணல் ஈரமாக இருந்தால் தண்ணீரைக் குறையுங்கள். பையில் வரும் ரிப்பேர் மார்ட்டார் இன்னும் நம்பகமானது. தலைக்கு மேல் ஒரு அடுக்கு 10 முதல் 15 மி.மீ.தான், முதல் அடுக்கைக் கீறிவிட்டு, அது இறுகியபின் அடுத்தது. 50 மி.மீ.க்கு மேல் ஆழம் என்றால் பூசாமல், பலகை அடைத்து மைக்ரோ கான்கிரீட் ஊற்றுவது நல்லது. கம்பிக்கு மேல் குறைந்தது 20 மி.மீ. வர வேண்டும், சீலிங் மட்டத்தைவிடச் சற்றுப் புடைத்தாலும் பரவாயில்லை. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கொண்டு மட்டம் பண்ணாதீர்கள். அதில் காரம் கிடையாது, ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். முதல் மூன்று நாள் தண்ணீர் தெளித்துப் பிளாஸ்டிக் ஷீட்டால் மூடி, பிறகு காயவிடுங்கள். எஸ்பிஆர் படலம் உருவாக ஈரம் காயவும் வேண்டும்.

மேலே இருந்து தண்ணீர் வருவதை நிறுத்தாமல் இத்தனையும் செய்வது வீண். பாத்ரூம் டைல்ஸை எடுத்து, டிராப், பைப் இணைப்புகளைச் சரிசெய்து, வாட்டர் புரூஃபிங் போட்டு, டைல்ஸ் இடுக்கில் எபாக்சி கிரவுட் நிரப்புங்கள். ஈரம் போனால் கான்கிரீட்டின் மின்தடை கூடும், மின்னோட்டம் குறையும். உள்ளே கொஞ்சம் உப்பு மிஞ்சியிருந்தாலும் துரு நத்தை வேகத்துக்கு இறங்கும். என்னைக் கேட்டால் உங்கள் வீட்டில் சீலிங் வேலையைவிட இதை முதலில் செய்ய வேண்டும். கான்கிரீட் மேல் தடவினால் உள்ளே ஊறிக் கம்பியைக் காக்கும் என்று விற்கும் திரவங்களை, உப்பு ஏற்கெனவே எல்லை தாண்டிய வீட்டில் நம்பி இருக்க வேண்டாம். கால்சியம் நைட்ரைட் போன்றவை புதுக் கான்கிரீட்டில் கலக்கும்போது வேலை செய்யும். அது வேறு கதை.

புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு: கடலோரச் சூழலை ஐஎஸ் 456 கடுமையானது என்கிறது. அதற்கு எம்30 கான்கிரீட், தண்ணீர்–சிமென்ட் விகிதம் அதிகபட்சம் 0.45, கன மீட்டருக்குக் குறைந்தது 320 கிலோ சிமென்ட், கவர் 45 மி.மீ. கடல் தெறிக்கும் இடத்தில் 50 மி.மீ. ஒரு மூட்டை சிமென்டுக்கு 0.45 என்றால் இருபத்து இரண்டரை லிட்டர் தண்ணீர்தான், மணலில் உள்ள ஈரமும் அதில் அடக்கம். சைட்டில் 'கொஞ்சம் லூசாக இருந்தால்தான் ஓடும்' என்று இன்னொரு குடம் ஊற்றுவார்கள். அந்தத் தண்ணீர் காய்ந்து போன பாதைதான் நாளைக்கு உப்பும் வாயுவும் வரும் பாதை. ஓட வேண்டுமானால் பிளாஸ்டிசைசர் கலக்கச் சொல்லுங்கள்.

வேலை முடிந்து ஒரு மழைக்காலம் கழிந்ததும், அதே சுத்தியலால் புதுப் பூச்சின் விளிம்பைச் சுற்றி இரண்டு அடி அகலத்துக்குத் தட்டிப் பாருங்கள். நடுவில் தட்ட வேண்டியதில்லை. எங்காவது பொத்தென்று கேட்டால் பெயரும்வரை காத்திருக்காமல், அங்கே மட்டும் தூள் எடுத்து குளோரைடு பாருங்கள்.